தக்காளிச் செடிக்கும் தற்காப்பு உண்டு

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



தக்காளித் தோட்டத்திலே ஒரு நாள் முழுக்கக் குச்சி கட்டினவங்க, பழம் பறிச்சவங்க கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையிலேயும் விரல் இடுக்கிலேயும் பச்சையும் கறுப்புமாக ஒரு கறை படிந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும்; கறை மட்டும் லேசிலே போகாது. கையை மூக்குக்குப் பக்கத்திலே கொண்டு போனால் தக்காளி இலையின் அந்தக் கார வாடை அடிக்கும்.

இந்தக் கறை எங்கேயிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்தது உண்டா? அது மண்ணும் இல்லை, தூசியும் இல்லை. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தானே தயாரித்து வைத்திருக்கிற பூச்சி மருந்து. நாம் கடையிலே காசு கொடுத்து வாங்கி அடிக்கிறோமே, அதற்கு முன்னாலேயே செடி தன் கைச்சரக்கை வைத்திருக்கிறது. அந்தச் சரக்கு என்ன, எந்தப் பூச்சியிடம் செல்லும், எந்தப் பூச்சியிடம் செல்லாது, நாம் தெரியாமல் அதை எப்படிக் கெடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப்போகிறேன்.

புழுவைக் கேட்டேன், உரத்தைக் கேட்டார்!

சில ஆண்டுகளுக்கு முன்னாலே ஒட்டன்சத்திரம் பக்கத்திலே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் தக்காளி. செடியைப் பார்த்தால் அவ்வளவு கரும்பச்சை, அவ்வளவு மொழுமொழுப்பு. "பயிர் நல்லாத்தானே இருக்கு பெரியவரே" என்றேன்.

"பயிர் நல்லாத்தானுங்க இருக்குது. நட்டு அறுபது நாள் ஆச்சு. பதிமூணு தடவை மருந்து அடிச்சுட்டேனுங்க. மருந்துக் கடையிலே இருபத்தெட்டாயிரம் பாக்கி நிக்குது. புழு சாகலீங்க, நான்தான் செத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

பக்கத்திலே அவர் சம்சாரம் மரத்தடியிலே உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்துக் காய் எடுத்தால் மூன்று காயை ஓரமாக வீசினார்கள். வீசின காய் ஒவ்வொன்றிலேயும் ஒரு ஓட்டை.

"அடுத்தாப்லே என்ன மருந்து அடிக்கலாமுங்க?" என்று கேட்டார் பெரியவர். நான், "இதுவரைக்கும் எத்தனை மூட்டை யூரியா போட்டீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "நான் புழுவைக் கேட்டா, நீங்க உரத்தைக் கேக்கறீங்களே?" என்றார்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைப் பேச்சின் கடைசியிலே உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் செடியின் தற்காப்பை ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதல் காவல்: இலையின் மேல் மயிர்

தக்காளி இலையையும் தண்டையும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பூனை முடி மாதிரி மெல்லிய மயிர்கள் தெரியும். சில மயிர்கள் வெறும் மயிர். சிலவற்றின் நுனியிலே குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்ன உருண்டை இருக்கும். இவை சுரப்பி மயிர்கள். உருண்டைக்குள்ளே பிசினும் வாடையும் அடங்கியிருக்கிறது. ஒரு அசுவினியோ, முட்டையிலிருந்து வந்த பொடிப் புழுவோ நடக்கும்போது உருண்டை உடைகிறது. பிசின் காலிலே ஒட்டுகிறது, வாயிலே ஒட்டுகிறது. நம் கையிலே கறையாகப் படிவதும் இதேதான்.

மயிர் இருந்தால் பூச்சிக்குத் தொல்லை என்பது பருத்தி போடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இலையிலே மயிர் அடர்ந்த பருத்தி ரகத்தைத் தத்துப்பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் அதே மயிர் அடர்ந்த இலையை வெள்ளை ஈ விரும்பி வரும். ஆகவே ஒரு பூச்சிக்கு வேலியாக இருப்பது இன்னொன்றுக்குப் பாய் விரித்த மாதிரியும் ஆகலாம். இதை மறக்கக் கூடாது.

இரண்டாம் காவல்: உள்ளே இருக்கும் கசப்பு

மயிரைத் தாண்டி இலையைக் கடித்துவிட்டது புழு. அப்புறம்?

தக்காளி இலையிலேயும் பச்சைக் காயிலேயும் டொமாட்டின் என்ற ஒரு கசப்புப் பொருள் இருக்கிறது. காய் பழுக்கப் பழுக்க அது குறைந்துபோகும். அதனாலேதான் பச்சைக் காய் கசக்கிறது, பழம் இனிக்கிறது. விதை முற்றுகிற வரைக்கும் காயைக் காப்பாற்றி, விதை முற்றின பிறகு "இனிமேல் வந்து தின்னு, விதையைப் பரப்பு" என்று செடி விட்டுக்கொடுக்கிறது.

இதைவிட ஆச்சரியமான ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீன், ரையான் என்ற இரண்டு பேர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தக்காளிச் செடியிலே ஒரு இலையை வண்டு கடித்தால், கடிபட்ட இலையிலே மட்டும் இல்லை, கடிபடாத மற்ற இலைகளிலேயும் சில மணி நேரத்துக்குள்ளே ஒரு புதுப் பொருள் சேர ஆரம்பிக்கிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள் பூச்சியை உடனே கொல்லாது. பூச்சியின் வயிற்றிலே புரதத்தைச் செரிக்க வைக்கிற சுரப்பை அது கட்டிப்போட்டுவிடும். புழு தின்னும், ஆனால் தின்றது உடம்பிலே ஒட்டாது. வளர்ச்சி குன்றும். இளைத்த புழு அதிக நாள் இலையிலேயே கிடக்கும். அதிக நாள் கிடந்தால் குருவிக்கும் குளவிக்கும் அகப்படும்.

ஒரு வீட்டிலே திருடன் புகுந்தால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுக் கதவை அடைக்கச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. சரி, செடிக்குள்ளே தண்டோரா போடுகிறவன் யார்? அதையும் ரையானின் குழுவினர் தேடிப் பிடித்து, 1991-இலே சிஸ்டமின் என்று பெயர் வைத்தார்கள். பதினெட்டே அமினோ அமிலக் கண்ணிகள் கொண்ட ஒரு சின்னச் சங்கிலி அது.

மூன்றாம் காவல்: கூலி இல்லாத ஆள்

கடிபட்ட தக்காளி இலையிலிருந்து கிளம்புகிற வாடை, கடிபடாத இலையின் வாடை மாதிரி இருக்காது. நம் மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். குளவிகளுக்கு வித்தியாசம் தெரியும். நான் சொல்வது கொட்டுகிற குளவியை இல்லை. புழுவின் உடம்பிலே முட்டையிட்டு, அந்தப் புழுவையே தன் குஞ்சுக்கு இரையாக்குகிற சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளை. "இங்கே புழு இருக்கு, வா" என்று செடி கூப்பிடுகிற மாதிரி இந்த வாடை அமைகிறது.

செடியின் இந்த எச்சரிக்கையைத் தூண்டிவிடும் ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தக்காளி வயலிலே தெளித்துப் பார்த்த ஒரு ஆராய்ச்சி 1999-இலே வெளிவந்தது. தெளித்த செடிகளிலே, குளவி தாக்கிய புழுக்கள் இரண்டு மடங்காக இருந்தன. கூலி இல்லாமல், சாப்பாடு போடாமல் நமக்கு வேலை செய்கிற ஆள் இந்தக் குளவி. நாம் கண்ட மருந்தையும் கலந்து அடிக்கும்போது முதலில் சாகிறது இந்த ஆள்தான். புழுவோ இலைக்கு அடியிலேயும் காய்க்குள்ளேயும் பதுங்கிக்கொள்ளும்.

இதோடு நாலாவதாக ஒன்றும் உண்டு: தாங்கும் சக்தி. இளம் தக்காளிச் செடியிலே கொஞ்சம் இலை போனாலும் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். இலையிலே நாலு ஓட்டையைப் பார்த்ததும் தெளிப்பானைத் தோளிலே மாட்ட வேண்டியதில்லை. விலக்குவது, வாட்டுவது, தாங்குவது என்று மூன்று வகையாக இந்தப் பயிர் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்துச் சொன்னவர் பெயின்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர். 1951-இலே இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

காட்டுத் தக்காளியின் பலம்

"இவ்வளவு தற்காப்பு இருந்தா, எங்க தோட்டத்துத் தக்காளியைப் புழு ஏன் தின்னுது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி.

தக்காளியின் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் மேற்குக் கரை. பெரு, ஈக்வடார் நாடுகளிலே இன்றைக்கும் காட்டுத் தக்காளி இனங்கள் மலைச்சரிவிலே தானாக வளர்கின்றன. பல இனங்களிலே காய் சின்னது, பச்சையாகவே இருக்கும், வாயிலே வைக்க முடியாது. ஆனால் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஒரு காட்டினத்தின் மயிர் நுனியிலே உள்ள ஒரு பொருள் புகையிலைக் கொம்புப் புழுவையும் அசுவினியையும் கொல்லும் நஞ்சு என்று 1980-இலே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். இன்னொரு காட்டினத்தின் இலையிலே சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த ஒரு பிசின் கசிகிறது. தொட்டால் பலாப் பாலைத் தொட்ட மாதிரி ஒட்டும். வெள்ளை ஈ அதிலே உட்காரவே தயங்கும்.

நாமோ தலைமுறை தலைமுறையாகப் பெரிய பழம், இனிப்பு, நல்ல நிறம், அதிக மகசூல் என்று பார்த்துப் பார்த்து விதை எடுத்தோம். யாரும் மயிரைப் பார்த்து விதை எடுக்கவில்லை. பழம் பெருத்தது, காவல் இளைத்தது. நாட்டுமாட்டையும் சீமைப் பசுவையும் வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

அந்தக் காட்டுக் குணத்தை நம் தக்காளிக்குள்ளே திரும்பக் கொண்டுவர ஆராய்ச்சிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பிசின் குணத்தை நாட்டுத் தக்காளிக்குக் கொண்டுவரும் வேலையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலே பல காலமாகச் செய்து, அப்படிப்பட்ட வரிசைகளையும் உண்டாக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் குணம் ஒரே ஒரு மரபணுவிலே அடங்கியிருக்கவில்லை. பல மரபணுக்கள் சேர வேண்டும். அவற்றை இழுத்து வரும்போது சின்னக் காய் மாதிரி வேண்டாத குணங்களும் கூடவே வரப் பார்க்கும்.

வெற்றி கண்ட இடமும் உண்டு. வேர் முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் ஒரு மரபணுவை 1940-களிலேயே காட்டுத் தக்காளியிலிருந்து எடுத்து நாட்டுத் தக்காளியிலே சேர்த்தார்கள். அதே மரபணு ஒரு வகை அசுவினியையும் எதிர்க்கும் என்று 1998-இலே தெரியவந்தது. ஆனால் அதற்கும் ஒரு குறை: மண்ணின் சூடு 28 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் நூற்புழுவுக்கு எதிரான அந்தச் சக்தி தளர்ந்துவிடும். நம் கோடை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டுத் தக்காளியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களுக்கு அது எதிர்ப்பு உள்ளது. நல்ல விதைதான். ஆனால் அது நோய்க்கு எதிர்ப்பு, காய்ப்புழுவுக்கு எதிர்ப்பு என்று அர்த்தம் இல்லை. விதைக் கடையிலே "எதிர்ப்புச் சக்தி உள்ளது" என்று சொன்னால், "எதுக்கு எதிர்ப்பு?" என்று கேளுங்கள். பாக்கெட்டிலே படித்துப் பாருங்கள். புழுவே வராத தக்காளி என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

காவல் எங்கே தோற்கிறது?

செடியின் தற்காப்பு நமக்குக் கைகொடுக்காத இடங்கள் மூன்று. இவற்றைத் தெரிந்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒன்று, வெள்ளை ஈ. இது கடிப்பதில்லை, ஊசி மாதிரி வாயை நுழைத்துச் சாறு உறிஞ்சுகிறது. கடிக்கிற புழுவுக்கு அடிக்கிற அபாய மணி இதற்குச் சரியாக அடிப்பதில்லை. சாறு போவது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இலைச்சுருட்டை நச்சுயிரியைச் செடிக்குச் செடி சுமந்து வருவது இதுதான். நாற்றங்காலிலே நச்சுயிரி ஏறிவிட்டால் அந்தச் செடியிலே மகசூலை மறந்துவிட வேண்டியதுதான். இங்கே "செடி பார்த்துக்கொள்ளும்" என்று சும்மா இருக்க முடியாது.

இரண்டு, காய்ப்புழு. ஹெலிகோவெர்பா என்று அதிகாரிகள் சொல்வது இதைத்தான். தாய் அந்துப்பூச்சி மேல் இலைகளிலே, பூவுக்குப் பக்கத்திலே ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். பொரித்த புழு முதலிலே இலையைச் சுரண்டும். செடியின் காவல் அதன் மேலே வேலை செய்வது அந்தச் சில நாள்தான். நாம் அடிக்கிற மருந்து அதன் மேலே படுவதும் அந்தச் சில நாள்தான். அப்புறம் காய்க்குள்ளே தலையை நுழைத்து, பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று இருந்துகொள்ளும். ஒரு காயோடு நிற்காது. காய் மாற்றிக் காய் போகும். இந்தப் புழுவுக்கு மருந்தைப் பழக்கிக்கொள்ளும் சக்தியும் உண்டு. 1987-இலே ஆந்திராவிலே பருத்தியைச் சூறையாடியபோது, செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளுக்கு அது அசையவே இல்லை.

மூன்று, தக்காளி ஊசிப்புழு. இது 2014-இலே மகாராஷ்டிரத்திலே முதலில் கண்டறியப்பட்டு, பிறகு தெற்கேயும் பரவியது. இலைக்குள்ளே புகுந்து அகலமான தடம் போடும்; காயிலே ஊசி குத்தின மாதிரி ஓட்டை வைக்கும். இது தக்காளி பிறந்த தென் அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. தக்காளியின் சொந்த ஊர்க்காரன். வீட்டின் சந்து பொந்தெல்லாம் தெரிந்த திருடனிடம் பூட்டு எவ்வளவு தூரம் செல்லும்?

நாம் காவலைக் கெடுப்பது எப்படி?

இப்போது பெரியவரிடம் நான் யூரியாவைப் பற்றிக் கேட்ட காரணத்துக்கு வருகிறேன். அவர் நடவிலே டி.ஏ.பி. போட்டு, அதற்கு மேலே ஒன்றரை ஏக்கருக்கு ஏழு மூட்டை யூரியா போட்டிருந்தார்.

தழைச்சத்து தேவைக்கு மேலே போனால் செடி இலையை மளமளவென்று வளர்க்கும். வளர்ச்சிக்கே சத்தைச் செலவழிக்கும்போது கசப்பும் துவர்ப்புமான காவல் பொருள்களுக்கு ஒதுக்குவது குறைந்துபோகும். இலை தடித்து, மெத்தென்று, சாறு நிறைந்து, புழுவுக்கு விருந்தாகிவிடும். அப்படிப்பட்ட செடியிலே வெள்ளை ஈயும் அசுவினியும் பெருகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்தது நெருக்கம். செடிக்குச் செடி இடம் விடாமல் நட்டால் அடி இலையிலே வெயில் படாது. நிழலிலே நிற்கிற செடி, வெளிச்சத்தைத் தேடி உயரமாக வளரப் பார்க்குமே தவிர, பூச்சியோடு போராடாது. மருந்தும் அடி இலைக்குப் போய்ச் சேராது.

மூன்றாவது, மருந்துக் கலவை. நாலு மருந்தை ஒரே டேங்கிலே ஊற்றி நாலு நாளைக்கு ஒரு தரம் அடிப்பது. குளவி சாகும், பொறிவண்டு சாகும், சிலந்தி சாகும். எதிரி இல்லாத தோட்டத்திலே புழு ராஜா மாதிரி இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

நாற்றங்காலை 40 முதல் 50 கண் உள்ள நைலான் வலையாலே மூடி வளர்த்துங்கள். நாற்றுப் பருவத்திலே வெள்ளை ஈயைத் தடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சுருண்ட இலையோடு எந்த நாற்றையும் நடாதீர்கள். நட்ட பிறகு சுருட்டை கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்துவிடுங்கள்.

தழைச்சத்தை மண் பரிசோதனை சொல்கிற அளவிலே, தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். சாம்பல் சத்தை மறக்காதீர்கள். தொழு உரம் தாராளமாகப் போடுங்கள்.

செண்டுமல்லியைப் பொறிப்பயிராக வையுங்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 40 நாள் வயதுள்ள செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றையும் ஒரே நாளிலே நட வேண்டும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. இப்படிச் செய்தால் இரண்டும் ஒரே சமயத்திலே பூக்கும். அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லிப் பூவிலே முட்டை வைக்கப் போகும். பூவை அப்படியே விட்டுவிட்டால் அதுவே புழுப் பண்ணையாகிவிடும். பூவைப் பறித்து விற்றுவிடுங்கள்; புழு கண்ட பூவை அழித்துவிடுங்கள்.

ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். காய்ப்புழுவுக்கு வேறு கவர்ச்சி, ஊசிப்புழுவுக்கு வேறு கவர்ச்சி; கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் பொறி. பொறியிலே அந்துப்பூச்சி விழ ஆரம்பித்தால், முட்டை வரப்போகிறது என்று அர்த்தம்.

பூக்கும் சமயத்திலே டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையை ஏக்கருக்கு இருபதாயிரம் ஒட்டுண்ணி வீதம் கட்டலாம். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தக்காளியின் பிசின் மயிர் நம் நண்பனான இந்தப் பொடிக் குளவியின் காலையும் பிடித்து இழுக்கும். இலையிலே உள்ள டொமாட்டின், புழுவின் வயிற்றுக்குள்ளே வளர்கிற குளவிக் குஞ்சையும் வாட்டும் என்று 1979-இலேயே கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு தடவை கட்டிவிட்டு ஓய்ந்துவிடாமல் வாரம் ஒரு தடவையாகப் பல தடவை கட்ட வேண்டும். ஒட்டுண்ணி விட்ட வயலிலே ரசாயன மருந்து அடிக்கக் கூடாது.

புழு பொடியாக இருக்கும்போதே என்.பி.வி. நச்சுயிரிக் கரைசலை ஏக்கருக்கு 100 புழுச் சமன் அளவிலே, ஒரு கிலோ வெல்லம் கரைத்துச் சேர்த்து அடிக்கலாம். வெயில் இந்த நச்சுயிரியைக் கொன்றுவிடும். சாயங்காலத்திலேதான் அடிக்க வேண்டும். தின்றவுடனே புழு சாகாது, சில நாள் பொறுக்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் பத்துக் கிலோ பருப்பை இடித்து, துணியிலே கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, 200 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடியுங்கள். இது ஒரு ஏக்கருக்குக் காணும்.

ஓட்டை விழுந்த காயை வரப்பிலே வீசாதீர்கள். அதற்குள்ளே புழு இருக்கிறது. மறுநாள் திரும்ப வந்துவிடும். சேர்த்து எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ரசாயன மருந்து தேவைப்படலாம். தேவைப்படவே படாது என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் தக்காளிக்கு என்று அனுமதிக்கப்பட்ட மருந்தாக, ஒன்றை மட்டும், சொன்ன அளவிலே அடியுங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று புட்டியின் சீட்டிலே போட்டிருக்கும். அதை மதித்து நடந்துகொள்ளுங்கள். அந்தப் பழத்தை நம் வீட்டுக் குழந்தையும்தான் சாப்பிடுகிறது.

பெரியவர் என்ன செய்தார்?

ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் நான் சொன்னதை அரை மனதாகத்தான் கேட்டார். யூரியாவை நிறுத்தினார். கலவை மருந்தை நிறுத்தினார். சாயங்காலத்திலே என்.பி.வி. இரண்டு தடவை, வேப்பங்கொட்டைக் கரைசல் இரண்டு தடவை அடித்தார். சொத்தைக் காயைக் குழி தோண்டிப் புதைத்தார்.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. எனக்குப் போன் பண்ணி, "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சிரிக்கறாங்க. இன்னும் நாலு நாள் பார்ப்பேன். அப்புறம் பழையபடி கடைக்குப் போயிருவேனுங்க" என்றார். எனக்கும் உள்ளுக்குள்ளே பயம்தான். சொல்கிறவனுக்கு நஷ்டம் இல்லை. ஒன்றரை ஏக்கர் அவருடையது.

மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தேன். புதிதாக விட்ட தழையின் கரும்பச்சை குறைந்து இயல்பான நிறம் வந்திருந்தது. அம்மா காய் தரம் பிரித்தபோது, பத்திலே மூன்றாக இருந்த சொத்தை ஒன்றாகக் குறைந்திருந்தது. அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டத்திலே மருந்துக் கடைப் பாக்கி முழுசும் அடையவில்லை, பாதிதான் அடைந்தது. ஆனால் பாக்கி மேற்கொண்டு ஏறவில்லை. அடுத்த பட்டத்திலே முதலிலிருந்தே செண்டுமல்லி நட்டு, உரத்தை அளந்து போட்டார். பதிமூன்று தடவை மருந்து அடித்த இடத்திலே ஐந்து தடவை அடித்தார். அதிலே மூன்று வேப்பங்கொட்டைக் கரைசல்.

கறையைப் பற்றி நான் விளக்கிச் சொன்னபோது, அந்த அம்மா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இத்தனை வருசமா இதை அழுக்குன்னு தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேனுங்க. இதுக்கு மட்டும் கடைக்காரன் பாக்கி கேக்க மாட்டானுங்களே!"

விவசாயப் பெருமக்களே, செடி தன்னால் முடிந்ததைச் செய்கிறது. முழுசும் அதாலே முடியாது. முடியாத இடத்திலே நாம் கைகொடுக்க வேண்டும். முடிகிற இடத்திலே குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும். நாளைக் காலையிலே தோட்டத்துக்குப் போனால், தெளிப்பானை எடுப்பதற்கு முன்னாலே, ஒரு இலையை விரலிலே வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பிறகு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, பூச்சி இருக்கிறதா, எந்தப் பூச்சி, எத்தனை என்று பாருங்கள். பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.